இரண்டாம் பகுதியில் எழுந்து வந்தவள்

இந்தப் பரீட்சை மையத்தின் சோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, வேலையை உங்களுக்கு மையத்தைப் பார்த்துக்கொள்கிற மேடம் சொல்லிக் கொடுத்திருப்பார். பையை எங்கே வைக்கச் சொல்வது, சட்டைக் கையை எதுவரை மடிக்கச் சொல்வது, கொண்டையை எப்படித் தொட்டுப் பார்ப்பது, எல்லாம் பத்து நாளில் பழகிவிடும். எதிரே நிற்கிற பிள்ளை நடுங்கும்போது நம்மை எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டும் யார் சொல்லியும் வராது. நான் கண்டதைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகை படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் இங்கே பரீட்சை எழுதி மேல்படிப்புக்கு என்று வெளிநாடு போன இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேர் என் கையைத் தாண்டித்தான் போனார்கள். அதைத் தலை நிமிர்ந்தே சொல்வேன். இங்கே வருவதற்கு முன்னால் பீளமேட்டில் ஒரு மில்லின் வாசலில் சோதனைக்காரியாக இருந்தேன். அங்கே வெளியே போகிறவர்களைத் தொட்டுப் பார்ப்பேன், இங்கே உள்ளே போகிறவர்களை. மில்லில் என்னைக் கண்டு பயந்தார்கள். இங்கே என்னை யாரும் கண்டுகொள்வதுகூட இல்லை. எல்லாருடைய கண்ணும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர்மேல்தான். மணிக்கட்டைத் தொட்டால் நாடி கோழிக்குஞ்சு மாதிரி துடிக்கும். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், கார் ஓட்டி வருகிறவர்கள், எல்லாருக்கும் அதே துடிப்புதான்.

சேர்ந்த புதிதில் ஒரு தகப்பனார் பெரிய டப்பா மைசூர்பாகோடு மாடி ஏறி வந்தார். பையன் முன்தினம் பரீட்சை எழுதியவன்.

"எடுத்துக்குங்கம்மா, ரெண்டா எடுத்துக்குங்க. பையன் கணக்குல நூத்தி முப்பத்தாறு வாங்கிப் போட்டான். நூத்தி எழுவதுக்குங்க!"

பையன் அவருக்குப் பின்னால் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. முக்கால் பங்குக்கு மேல் வாங்கியிருக்கிறானே, எதற்கு இவன் இப்படி நிற்கிறான் என்று நினைத்தேன். எங்கள் மேடம் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருங்க" என்றார். அவர்கள் இறங்கிப் போனபிறகு என்னிடம் சொன்னார்.

"இந்தப் பரீட்சையில மார்க்கு சைபர்ல ஆரம்பிக்காதுங்கம்மா. நூத்தி முப்பதுலதான் ஆரம்பிக்கும். ஏதோ ஒண்ணைத் தொட்டுட்டு எந்திரிச்சு வந்தாலும் அது கெடைக்கும்."

"அப்ப அந்தப் பையன் வாங்குனது ஆறா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

"அய்யோ! அந்த மனுசன் ஊரெல்லாம் இனிப்புக் குடுக்கறாரே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொல்றதுக்கு நாம யாருங்க? பையனுக்குத் தெரியும். ஊட்டுக்குப் போயி அவன் வாயால சொல்லட்டும். இந்த ரூமுல நம்ம வாயி மட்டுமில்லீங்க, மூஞ்சிகூடப் பேசக் கூடாது."

மேடத்துக்கு என் மகள் வயது. ஆனாலும் எனக்குக் குரு அவர்தான். மார்க்கு என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எண்ணுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இனிக் கீர்த்தனாவைப் பற்றிச் சொல்கிறேன். அது நிஜப் பெயர் இல்லை. மேட்டுப்பாளையத்துப் பெண், அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுகிறவர். பெண் படித்துவிட்டு இங்கே ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை என் மேசைக்கு வந்தாள்.

முதல் தடவை பரீட்சை முடித்து வெளியே வந்தபோது முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சிரித்தாள். நான்கூட, பரவாயில்லை, நன்றாக எழுதிவிட்டாள் போல என்று நினைத்தேன். மேடத்திடம் கையெழுத்துப் போட வந்தவள் தானாகவே சொன்னாள்.

"கேன்சல் குடுத்துட்டேனுங்க மேடம். கணக்குல ரெண்டாவது பகுதி அத்தனை கஷ்டம். அந்த மார்க்கைப் பார்த்தா எங்கப்பாவுக்கு நெஞ்சு வலியே வந்துருமுங்க. வேண்டாம்னு அமுக்கிட்டேன். இப்பத்தான் மூச்சு வருது."

மேடம் "சரிங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் பேனாவை நீட்டிய கை ஒரு நொடி நின்றுவிட்டது. மூஞ்சி பேசக் கூடாது என்று எனக்குச் சொன்னவர், தன் மூஞ்சி தெரியாமல் சட்டென்று குனிந்துகொண்டார்.

அந்தப் பெண் படி இறங்கிய சத்தம் ஓய்ந்ததும் கேட்டேன். "என்னங் மேடம், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"கணக்குல ரெண்டு பகுதி இருக்குதுங்கம்மா. முதல் பகுதி எல்லாத்துக்கும் ஒரே தரம். அதுல எப்படிச் செஞ்சாங்கன்னு மிசினு பார்க்கும். நல்லாச் செஞ்சவங்களுக்கு ரெண்டாவது பகுதியைக் கஷ்டமாக் குடுக்கும். சரியாச் செய்யாதவங்களுக்கு எளிசாக் குடுக்கும். பெரிய மார்க்கெல்லாம் அந்தக் கஷ்டமான பகுதியிலதான் இருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் யோசித்துவிட்டு வேறு மாதிரி சொன்னார்.

"மேட்டுப்பாளையத்துல ரோடு பிரியுதில்லீங்களா? ஊட்டிக்கு ஏறுனா வளைவுக்கு வளைவு வயித்தைப் பொரட்டும். சிறுமுகைக்குத் திரும்புனா சமதரை, சுகமாப் போகலாம். வயித்தைப் பொரட்டுதுன்னா என்ன அர்த்தம்? மேல ஏறீட்டு இருக்கறோம்னு அர்த்தம்."

"அப்ப அந்தப் புள்ளை ஏறீட்டுத்தான் இருந்துச்சா?"

"இருக்கலாமுங்க."

"எவ்வளவு வந்திருக்கும்?"

"தெரியாதுங்க. கடைசியில மிசினு ஒரு கேள்வி கேக்கும், இந்த மார்க்கு வேணுமா, வேண்டாமான்னு. மார்க்கைக் காட்டறதுக்கு முன்னாலயே கேக்கும். வேணும்னாத்தான் காட்டும். வேண்டாம்னா மூடிப் போடும். கொஞ்ச நாளுக்குள்ள எழுதிக் கேட்டாத் திரும்ப எடுத்துத் தருவாங்க. ஆனா அதுக்கு அந்தப் பொண்ணுக்கே சந்தேகம் வரோணுமில்லீங்களா? சந்தோசமாப் போகுதே!"

தோற்றுப்போய் அழுகிற பிள்ளையைப் பார்த்தால் பரிதாபம் வரும், அவ்வளவுதான். ஜெயித்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டு நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்தால் பயம்தான் வருகிறது. அவள் ஜெயித்தாளா என்பதும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அன்றிலிருந்து என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் குடியிருந்தது. "கஷ்டமா இருந்தா நல்லதுங்க அம்மணி, பயப்படாதீங்க." கலங்கின கண்ணோடு எந்தப் பிள்ளை முகம் கழுவ வெளியே வந்தாலும் அது வாய்வரைக்கும் வரும். விழுங்குவேன். பரீட்சையைப் பற்றி நாம் ஒரு சொல் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் மார்க்கை நிறுத்தி வைத்துவிடுவார்கள். சுவரில் கேமரா இருக்கிறது, அது காதும் வைத்திருக்கிறது. ஆனாலும் என்றைக்காவது, எந்தப் பிள்ளைக்காவது நான் அதைச் சொல்லிவிடுவேன் என்றே எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. பெரிய மருந்து ஒன்றை மடியில் வைத்திருக்கிற மாதிரி.

அடுத்த வருடம் கீர்த்தனா மறுபடி வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏனுங்கம்மா, நல்லா இருக்கறீங்களா?"

"கையை நீட்டுங்க அம்மணி" என்றேன்.

கையை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "போன தடவை ஏமாந்து போயிட்டனுங்க. இந்தத் தடவை மார்க்கு எப்படிப் போடறாங்கன்னு அக்குவேறு ஆணிவேறாப் படிச்சுட்டு வந்திருக்கறேன். ரெண்டாவது பகுதி கஷ்டமா வந்தாச் சந்தோசப்படோணுமுங்க. அதுதான் கணக்கு."

தலையை ஆட்டக்கூட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் மனதுக்குள், அப்பாடா, இவளுக்கே தெரிந்துவிட்டது, நான் விழுங்க வேண்டிய வாக்கியம் இனி இவளுக்கு வேண்டியதில்லை என்று நினைத்தேன். அவள் உள்ளே போனாள்.

கூட வந்த அப்பா வெளிக்கதவுக்கு அப்பால் படிமேடையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூப்பிட்டார்.

"ஏனுங், பாப்பா எப்ப வருமுங்க?"

"இன்னும் நேரமிருக்குதுங்க. நீங்க கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"எறங்கலீங்க. எறங்கி ஏறறதுக்குள்ள அது வந்துருச்சுன்னா?" அவர் துண்டை எடுத்து முறுக்கினார். "அமெரிக்காவுல ஒரு வாத்தியாரு புள்ளைய எடுத்துக்கறேன்னு சொல்லிப்போட்டாருங்களாம். படிப்புச் செலவும் அவிங்களே பார்த்துக்குவாங்களாம். இந்த வாரத்துக்குள்ள மார்க்கு போய்ச் சேரோணுமாம். போகலீன்னா அந்த எடம் வேற ஆளுக்குங்க. மறுக்கா எழுதறதுன்னாலும் மூணு வாரம் கழிச்சுத்தான் உடுவாங்களாமா. அதுக்குள்ள அங்க கதவைச் சாத்திருவாங்க."

ஆக, அவளுக்கு இருந்தது இந்த ஒரு தடவைதான். எனக்கும் அது தெரிந்துபோயிற்று. இப்படித் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று உங்களுக்குச் சொல்லலாம். ஆனால் படிமேடையில் உட்கார்ந்திருக்கிற தகப்பன் பேசினால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முக்கால்வாசிப் பரீட்சை போயிருக்கும். உள்ளே கீர்த்தனா கையைத் தூக்கினாள். மேடம் போய் அழைத்துவந்து என்னிடம் விட்டார். இந்தப் பரீட்சையில் நடுவில் எழுந்து வரலாம், ஆனால் உள்ளே கடிகாரம் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எழுந்து வருகிறவர்கள் குடுகுடுவென்று போய்விட்டு ஓடி வருவார்கள். இவள் மெதுவாக நடந்தாள். கால் தரையில் பாவாத நடை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே நின்றேன். குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

அந்த மாதிரி அமைதியை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். மில்லில் ஒரு பெண் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே மயங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் என்னென்னவோ செய்துகொள்கிற காலம் இது. கதவைத் தட்டினேன்.

"அம்மணி."

மறுபடி தட்டினேன்.

"அம்மணி, ஒரு குரல் குடுங்க. இல்லீன்னா நான் ஆளைக் கூப்பிட்டுக் கதவைத் தொறக்கோணும்."

தாழ் விலகியது. முகமெல்லாம் தண்ணீர். துடைக்கவில்லை. கீழ் உதடு மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. என் நாக்கு நுனியில் இருந்த வாக்கியம் எழுந்து உட்கார்ந்தது. தெரிந்துகொண்டு வந்தும் கஷ்டத்தைக் கண்டு பயந்துவிட்டாள், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று உந்தியது. வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஈசியா இருக்குதுங்கம்மா."

கதவைப் பிடித்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டாவது பகுதி ஈசியா இருக்குது. படபடன்னு வருது. அப்படீன்னா முதல் பகுதியில கோட்டை உட்டுட்டேன்னுதானுங்க அர்த்தம்? மிசினு என்னைக் கீழ தள்ளிப் போட்டுது. முடிஞ்சுதுங்க. எல்லாம் முடிஞ்சுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருடமாக மருந்து என்று மடியில் வைத்திருந்தேனே, அதை ஒரு மூச்சு முன்னால் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கஷ்டமா இருந்தா நல்லதுங்க" என்று நான் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே அவளை நான் கொன்றிருப்பேன்.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. ஊட்டி ரோட்டில் தினமும் ஏறுகிற டிரைவருக்கு வயிறு புரட்டுமா? ஒரு வருடம் முழுக்க ஏறிப் பழகியவளுக்கு மலையே சமதரை மாதிரித் தெரியலாம். இல்லை, அவள் சொன்ன மாதிரி நிஜமாகவே சமதரையில் தள்ளிவிடப்பட்டிருக்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. மார்க்கு போடுகிற விதம் முழுக்கத் தெரிந்த அவளுக்கே தெரியவில்லை. தெரிந்திருந்ததே அவளைப் பிடித்து ஆட்டியது. போன வருடம் தெரியாமல் பயந்தாள், இந்த வருடம் தெரிந்து பயந்தாள்.

அவள் என்னைத் தாண்டி நடந்தாள். பரீட்சை அறைப் பக்கம் போகவில்லை. பையும் போனும் வைத்துப் பூட்டியிருந்த லாக்கர் பக்கம் போனாள். அவளுடைய சாவி அவள் கையிலேயே இருந்தது.

"அம்மணி, எங்க போறீங்க?"

"அப்பாவுக்கு ஒரு போன் போட்டுட்டு அப்படியே போயிறனுங்க. வெளிய வந்து அவரு மூஞ்சியப் பார்த்துச் சொல்ல என்னால முடியாது."

அப்பா நாலு சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இங்கிருந்து போன் போட்டுவிட்டு எப்படிப் போவாள், அவரைத் தாண்டாமல் எந்த வழியில் போவாள் என்று அவள் யோசிக்கவில்லை. பயந்தவர்கள் அப்படித்தான். சாவியைத் துவாரத்தில் வைத்துவிட்டாள். அது உள்ளே இறங்கவில்லை, கடகடவென்று தகரத்தில் அடித்துக்கொண்டது.

பரீட்சை நடுவில் போனைத் தொட்டால் அத்தோடு அந்தப் பரீட்சை செத்தது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாலும் கேமரா திரும்பாது. அவள் கையைப் பிடித்து இழுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பரீட்சையைப் பற்றிப் பேச வாய் இல்லை. பின் என்னதான் இருக்கிறது என் கையில்? யோசிக்க நேரமில்லை, உள்ளே அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்ல அனுமதி உள்ளவை என்று மேடம் என்னை மனப்பாடம் செய்யவைத்தவை கொஞ்சம் உண்டு. அவற்றைச் சொன்னேன். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. தினமும் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"நேரம் ஓடீட்டு இருக்குதுங்க. போனைத் தொட்டா இந்தப் பரீட்சை செல்லாதுங்க. பாதியில போனா மார்க்கு வராதுங்க."

"வந்தா மட்டும் என்னுங்க?" என்று திரும்பிக் கேட்டாள். கோபம் வந்திருந்தது. "உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அம்மணி."

அது நிஜம். நிஜம் என்பது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சாவி அடிப்பது நின்றது. நான் என் மேசைக்குப் பின்னால் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன்.

"கையை நீட்டுங்க அம்மணி."

அவள் என்னையே பார்த்தாள். உள்ளே திரும்பப் போகிற ஒவ்வொருவரையும் மறுபடி சோதித்துத்தான் விட வேண்டும். காலையிலிருந்து அவளை நான் ஒரு தடவை சோதித்திருக்கிறேன், போன வருடமும் சோதித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அவள் உடம்பு பழகியிருந்தது. கை தானாக நீண்டது.

"சட்டைக் கையை மடிச்சு உடுங்க."

மடித்தாள்.

"பாக்கெட்டை வெளிய எடுத்துக் காட்டுங்க. திரும்புங்க. முடியைத் தூக்குங்க. கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க."

ஒவ்வொன்றாகச் செய்தாள். ஒன்றையும் நான் விடவில்லை. சீக்கிரம் போகட்டும் என்று எதையாவது விட்டிருந்தால், பிற்பாடு அதையே காரணம் காட்டி அவள் மார்க்கை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு நொடியும் அவள் நேரத்தில்தான் கழிந்தது. ஆனால் கை அவசரப்படவில்லை. நான் அவசரப்பட்டால் அவளுக்குப் பயம் திரும்ப வந்துவிடும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அவள் மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"போங்க" என்றேன்.

போனாள். மேடம் கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரியும். எழுதுகிறாளா, சும்மா உட்கார்ந்திருக்கிறாளா தெரியாது. வெகுநேரம் கழித்துத் தோள் அசையாமல் நின்றுவிட்டது. கை மவுசின்மேல் இருந்தது. அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வேணுமா, வேண்டாமா. போன வருடம் வேண்டாம் என்று அமுக்கியது இதே விரல்தான். நான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். மேடத்தைப் பார்த்தேன், அவர் கேமராப் பெட்டியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் மூஞ்சியில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒன்றுமே இல்லாமல் வைத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு பாடு என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

அவள் வெளியே வந்தாள். சிரிக்கவில்லை, அழவில்லை. கையெழுத்துப் போட்டாள், பையை எடுத்தாள், என்னைத் தாண்டிப் போனாள். நான் கேட்கவில்லை. நாம் கேட்கக் கூடாது. வெளிக்கதவைத் தள்ளினவள், படிமேடையில் அப்பாவைக் கண்டதும் அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

அந்த மனிதர் பதறிப்போய்த் துண்டை அவள் முதுகில் போட்டுவிட்டு பக்கத்தில் குந்தினார்.

"போச்சா சாமி? போனாப் போகுது, உடு. என்ன இப்ப? அமெரிக்காக்காரன் சோறு போட்டா நாம வளர்ந்தோம்? உனக்கு வேலை இருக்குது. எனக்கு மண்டி இருக்குது. எந்திரி, எந்திரி கண்ணு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். உன்னை யாரு என்ன கேக்கறா பார்க்கலாம்."

அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். சொல் வரவில்லை. அவர் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல சாமி. நெசமாலும் இல்ல." சொல்லும்போதே அவருடைய குரல் உடைந்தது. "ரெண்டு தடவை மலையேறிப் பார்த்தே. எத்தனை பேரு ஒரு தடவைகூட ஏறறாங்க?"

கதவு மூடிக்கொள்ளாமல் இருந்ததால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது. நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து கடைசியில் திக்கித் திக்கி வந்தது.

"நூத்தி அறுவத்தேழுங்கப்பா."

"அது... அது பத்தாதா சாமி?"

"பத்துமுங்கப்பா. அவிங்க கேட்டதுக்கு மேலயே இருக்குது. நான் வேணும்னு குடுத்துட்டேன். மார்க்கு அவிங்களுக்குப் போயிருச்சு."

அவர் வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தவர் மாதிரி எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பினார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மறுபடி மகளிடமே கேட்டார்.

"அப்புறம் எதுக்குச் சாமி இப்படி அழுவறே?"

அவள் இரண்டு கையாலும் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பற்கள் கிட்டி, குளிர் ஜுரம் வந்தவள் மாதிரி நடுங்கினாள். தப்பித்து வெளியே வந்தபிறகுதான் அவளுக்குப் பயம் முழுசாக வந்திருந்தது.

"எந்திரிச்சுட்டேனுங்கப்பா" என்றாள். "நான் நடுவுலயே எந்திரிச்சு வந்துட்டேன்."